அலீசியாவின் முதல் முடி

கோலசிலாங்கூர்
9 ஜூன் 2025

மாப்பிள்ளை கொர்னேலியஸுக்கு,

நேற்று உங்கள் மகள் அலீசியாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். மொட்டை போட்டேன். சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து விட்டேன். நீங்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டு என் முகத்துக்கு நேரே கேட்டைச் சாத்தினீர்கள். நடந்தது இவ்வளவுதான். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

இனி என் பக்கத்தைக் கேளுங்கள்.

காலையிலிருந்து உங்களைப் போனில் பிடிக்கப் பார்க்கிறேன். பிளாக் பண்ணியிருக்கிறீர்கள். நித்தியாவின் நம்பரும் அப்படியே. கூடப் பிறந்த தங்கையோடு பேச எனக்கு வழியில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். நம் செல்லையா தேங்காய் லோரியை எடுத்துக்கொண்டு ரவாங் மார்க்கெட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறவர்தானே, உங்கள் சுங்கை சோ வீட்டுப் பக்கம்தான் போகிறார். பதிலை அவரிடம் கொடுத்தால் எனக்கு வந்து சேரும்.

அலீசியா ஏழாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி கார் நிறுத்தும் இடத்தில் நின்று நான் ஒன்று வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தால், மூன்று வயது முடிவதற்குள் கடலோர முனியாண்டி சன்னதியில் என் மடியில் உட்கார வைத்து முதல் முடியை இறக்குகிறேன் என்று. பிழைத்தாள். வரும் ஆகஸ்டில் அவளுக்கு மூன்று முடிகிறது. வேண்டுதலை முன்கூட்டியே வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டிய மனைவி மாதவிக்கே போன வாரம்தான் சொன்னேன்.

நேற்றைய நாள் எப்படிப் போனது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முதலில் மலாவத்தி குன்றில் குரங்கு பார்த்தோம். அங்கே இருக்கும் சாம்பல் நிறக் குரங்குகள் எல்லாம் அவளுக்கு ‘அங்கிள்’. ஒவ்வொரு குரங்குக்கும் ‘அங்கிள், பாய் பாய்’ சொல்லாமல் நகர மாட்டேன் என்றாள். பிறகு சன்னதி. தலையில் தண்ணீர் வைத்தபோது சிரித்தாள், கத்தியைப் பார்த்ததும் அழுதாள், முடிந்ததும் மறந்துவிட்டாள். சந்தனம் பூசிய தலையோடு கடற்கரைச் சேற்றில் உட்கார்ந்து மாதவியோடு கெராங் சிப்பி பொறுக்கினாள். கார் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, ‘இது யாரு பாப்பா?’ என்று கேட்டு, அந்தப் பாப்பாவுக்கும் ஒரு சிப்பியை நீட்டினாள்.

அப்படி இருந்த பிள்ளையை வாசலில் நீங்கள் போட்ட சத்தம்தான் அழ வைத்தது.

உங்களுக்கென்று வாங்கி வந்த இறால் பெட்டியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். பூனை தின்றிருந்தால் அது உங்கள் நஷ்டம். ஞாயிறு வழக்கம்போல வருவேன். கேட்டைத் திறந்து வையுங்கள்.

சேது


சுங்கை சோ, ரவாங்
11 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு,

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை.

ஞாயிறன்று நித்தியாவுக்குக் கிளினிக்கில் வேலை, எனக்குக் காலை ஷிஃப்ட். ‘நீங்க கவலைய விடுங்க மாப்பிள்ளை, கடல் காட்டி, குளிக்க வெச்சே கொண்டாந்து விடுறேன்’ என்றீர்கள். நம்பிக் கொடுத்தோம். நன்றாகத்தான் குளிக்க வைத்தீர்கள். உச்சியில் ஒரு மயிர் மிச்சமில்லை.

நான் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு அட்டைப் பெட்டிகூட வாசலைத் தாண்டாது. என் மகளின் தலைக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. இடது காதுக்குப் பின்னால் கத்தி பட்டிருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? சந்தனத்தைக் கழுவிய பிறகுதான் நித்தியா பார்த்தாள். பார்த்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது அவளுடைய கண் வீங்கியிருந்தது. பிள்ளை மறந்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வந்து கேளுங்கள். தூங்கும்போது கை தலைக்குப் போகிறது. எப்போதும் ஒரு சுருளைப் பிடித்துச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். பிடிக்க ஒன்றும் இல்லாமல் எழுந்து உட்கார்ந்து, ‘முடி எங்கப்பா? மாமாகிட்ட இருக்கா?’ என்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? ஆமாம், உன் மாமா எடுத்துக்கொண்டார் என்றா?

வேண்டுதல் என்கிறீர்கள். உங்கள் சாமியைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். என் கேள்வி எளிமையானது. என் மகளை என்னிடம் கேட்காமல் எப்படித் தொட்டீர்கள்?

இது முதல் தடவையும் அல்ல. எங்கள் கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் வராமல் வெளியே லோரியில் சாய்ந்துகொண்டு நின்றீர்கள். நித்தியா படியிறங்கி வந்த பிறகு மாலையைக் கொண்டு வந்து போட்டீர்கள். என் சொந்தக்காரர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். நான் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? ஞானஸ்நானத்துக்கு லோரி பஞ்சர் என்றீர்கள். அதையும் கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்ததை நீங்கள் எதையும் செய்துகொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

வரும் ஞாயிறு வரவேண்டாம். அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம். பிள்ளைக்குக் கடல் காட்ட எங்களுக்குத் தெரியும்.

இறால் பெட்டியைச் செல்லையாவிடம் கொடுத்திருக்கிறேன். ஃப்ரீசரில்தான் இருந்தது. எந்தப் பூனையும் தொடவில்லை.

கொர்னேலியஸ்


கோலசிலாங்கூர்
13 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

இறால் வந்தது. இங்கே யாரும் அதைச் சமைக்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேண்டாம் என்றுதானே. வேண்டாம் என்று பதில் வரும் என்று தெரிந்த கேள்வியை நான் கேட்பதில்லை. பதினேழு வயதில் சுங்கை ஆயர் தாவார் தோட்டங்களில் தேங்காய் எடுத்து மோட்டார் சைக்கிளில் கட்டி விற்கத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். பேங்க்காரனிடம் கேட்டிருந்தால் எனக்கு லோரியே இருந்திருக்காது.

காதுக்குப் பின்னால் கீறல் பட்டது எனக்குத் தெரியாது. முடி இறக்கியவரைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். பிள்ளை திரும்பிவிட்டது என்கிறார். திருப்பிப் பிடிக்காதது என் கை. அந்த ஒன்றுக்கு மட்டும் நீங்கள் என்னை என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். மற்றதற்கு முடியாது.

எங்கள் அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்போது தோட்டத்து லயத்தில் இருந்தோம். நித்தியாவுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, யார் மடியில் உட்கார வைப்பது என்று லயம் முழுக்க ஆள் தேடினார்கள். கடைசியில் வேலை வாங்கும் மண்டோரைப் பிடித்தார்கள். அவர் வாய் நிறைய வெற்றிலையோடு, ‘சீக்கிரம் ஆகட்டும் லா, எனக்கு வேலை கெடக்கு’ என்றார். என் தங்கை அந்த ஆள் மடியில் உட்கார்ந்து அழுததை வாசலில் நின்று பார்த்தேன். நாளைக்கு இவளுக்குப் பிள்ளை பிறந்தால் மடிக்கு ஆள் தேட விடமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். உங்கள் கையெழுத்து வாங்கி நினைக்கவில்லை.

சர்ச் விஷயம். நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு வருவதா, போட்டுக்கொண்டே வருவதா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனவர்கள் எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள். என் காலில் ஜப்பான் சிலிப்பர். உங்கள் வீட்டு ஆட்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ‘வாங்க’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் வந்திருப்பேன். உள்ளே என் தங்கையின் கல்யாணம், வெளியே நான் மாலையைப் பிடித்துக்கொண்டு லோரியோடு நிற்கிறேன். பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

ஞானஸ்நானத்தன்று லோரி உண்மையாகவே பஞ்சர்.

ஞாயிறு வருகிறேன். பிள்ளைக்குக் குன்றில் ட்ராம் வண்டி ஏற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களோடு சண்டை என்பதற்காக அவளிடம் சொன்ன சொல்லை மாற்றமாட்டேன்.

சேது


சுங்கை சோ, ரவாங்
16 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு,

வரவேண்டாம் என்று எழுதினேன். வந்தீர்கள். கேட் பூட்டியிருப்பதைப் பார்த்தும் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றீர்கள். பக்கத்து வீட்டு மகேந்திரன் சட்டை போடாமல் வெளியே வந்து, ‘என்ன பிரதர், கேஸ் லோரியா?’ என்று கேட்டார். அலீசியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘மாமா, கடல்! மாமா, கடல்!’ என்று கத்தினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். என் தோளைக் கடித்துவிட்டாள். என் பிள்ளைக்கு முன்னால் என்னைக் கெட்டவனாக்கிவிட்டுப் போனீர்கள். உங்களுக்குத் திருப்திதானே?

இவ்வளவு நாள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொல்ல விருப்பமில்லை. ஆனால் நீங்கள் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியட்டும்.

நீங்கள் கார் நிறுத்தும் இடத்தில் நின்ற அன்று நான் மேலே, குழந்தைகள் வார்டுக் கதவுக்கு வெளியே, தரையில் முழங்காலில் இருந்தேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்தால், மூன்று வயது முடிந்ததும் திருவிழா நாளில் அங்கே கொண்டு வந்து, கத்தி படாத அவளுடைய பிறந்த முடியை இறக்குகிறேன் என்று. அதனால்தான் இத்தனை நாள் அவள் தலையில் கத்தரிக்கோல்கூட வைக்கவில்லை. முன்முடி கண்ணில் விழுகிறது என்று நித்தியா கிளிப் போட்டே சமாளித்தாள். ‘ஏன் முடி வெட்டாம வெச்சிருக்கீங்க’ என்று நீங்களே ஒருமுறை கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். நேர்ச்சை நிறைவேறும்வரை பேசக்கூடாது என்பது எங்களிடமும் உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஐந்து டிக்கெட். எனக்கு, நித்தியாவுக்கு, அலீசியாவுக்கு, மாதவி அக்காவுக்கு, உங்களுக்கு. பேங்க் வேலை என்று சொல்லி நித்தியா உங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாளே, அது இதற்குத்தான். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதால் தாய்மாமன் மடி எங்களுக்கு இல்லாமல் போய்விடவில்லை. என் அப்பா வீட்டிலும் அதே முறைதான். ஜூலையில் பூவும் பழமும் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு, உங்கள் தேங்காய்க் கடைக்கே வந்து, ‘மச்சான், உங்க மடி வேணும்’ என்று கேட்பதாக இருந்தேன். அதை எப்படிச் சொல்வது என்று ஷிஃப்டுக்குப் போகும் வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

உங்களுக்கே கொடுப்பதற்காக வைத்திருந்ததை நீங்கள் திருடிக்கொண்டீர்கள். இப்போது மாதாவிடம் நான் எதைக் கொண்டு போவேன்? மூன்று மாதத்தில் முளைத்த இரண்டாம் முடியையா? நான் நேர்ந்தது அது இல்லையே.

பிள்ளை இல்லாதவருக்குப் பிறர் பிள்ளையின் அருமை எங்கே தெரியப் போகிறது என்று நினைக்க இதுவரை எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சமில்லை.

கொர்னேலியஸ்


கோலசிலாங்கூர்
18 ஜூன் 2025

கொர்னேலியஸுக்கு,

செல்லையா கடிதத்தைக் கொடுத்தபோது நான் கடையில் இல்லை. பிரித்தது மாதவி. கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறாள். நான் வந்ததும் கடிதத்தை என்னிடம் கொடுத்தாள். அலீசியா வந்தால் போட்டுக்கொள்ள எங்கள் வாசலில் ஒரு குட்டிச் செருப்பு எப்போதும் கிடக்கும், மிதித்தால் சத்தம் போடுமே, அது. அதை எடுத்துத் துடைத்து அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லாதது பற்றி மாதவியின் மாமியாரே ஒரு நாள் பேசியதில்லை. கல்லாப்பெட்டியில் உட்கார்ந்து நான் எத்தனையோ பேரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன். சீன முதலாளி தவுக்கே முதல், லோரி அட்டெண்டண்ட் வரை. இந்த வரியை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. படித்தவர் நீங்கள், உங்களுக்கு வந்துவிட்டது.

இனி வேளாங்கண்ணி.

ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே பிள்ளைக்காக, கீழே ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று ஒரே முடியை இரண்டு இடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. இதற்கு நான் மட்டும் திருடனா? உங்கள் நேர்ச்சை எனக்குத் தெரிந்திருந்தால் கத்தியை எடுக்க விட்டிருப்பேனா? டிக்கெட் எடுத்த அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தாம்பாளம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என்னிடமும் மடி கேட்டு வருவார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதனால்தான் நானாக எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்கிறேன். முடி இன்னும் கடலுக்குப் போகவில்லை. அன்று நீர் இறங்கிக் கிடந்தது. நம் கடற்கரை உங்களுக்குத் தெரியும், நீர் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். சேற்றில் போட்டுவிட்டு வர மாதவிக்கு மனமில்லை. மஞ்சள் துணியில் முடிந்து பிஸ்கட் டின்னில் வைத்துச் சாமி மேடையில் வைத்திருக்கிறாள். முழுவதும் அப்படியே இருக்கிறது, நீங்கள் சொன்ன பிறந்த முடி, சுருள் சுருளாக.

ஆக, சரக்கு என் கையில் இருக்கிறது. வேண்டுமென்றால் நீங்கள் இங்கே வரவேண்டும். மாதவிக்கு எதிரே நின்று அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி எனக்கு வேண்டும். இருபத்தைந்தாம் தேதி அமாவாசை. அன்று நீர் நன்றாக ஏறும். அதற்குள் வராவிட்டால் என் வேண்டுதலை நான் முடித்துவிடுவேன்.

சேது


சுங்கை சோ, ரவாங்
20 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு,

இந்த முதல் பத்தி மாதவி அக்காவுக்கு. தயவுசெய்து படித்துக் காட்டுங்கள். அக்கா, அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. உங்களை நினைத்து எழுதவில்லை, மச்சானைக் காயப்படுத்த நினைத்து எழுதினேன். அது உங்கள் மேல் விழும் என்று யோசிக்கவில்லை. அலீசியாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் முதல் பஸ் பிடித்து வந்தது நீங்கள். மன்னித்துவிடுங்கள்.

மீதி உங்களுக்கு.

என் மகளின் முடியைச் சரக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டு தடவை படித்தேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. பிள்ளையின் முடியை டின்னில் அடைத்து வைத்துக்கொண்டு தேதி குறிக்கிறீர்கள். இதற்கு வியாபாரத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. போலீசில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வாசலில் வந்து நின்று என் பிள்ளையின் முடியை நான் கேட்டு வாங்க மாட்டேன். செல்லையாவிடம் கொடுத்தனுப்புங்கள். முழுவதையும்.

ஃபாதரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டார். ‘மாதா முடிய எடை போட்டுப் பாக்க மாட்டாங்க கொர்னேலியஸ், மொதல்ல மச்சானோட சமாதானமாப் போயிட்டு வா’ என்றார். அவர் சொல்வது சுலபம். அவருக்கு மச்சான் இல்லை.

நித்தியா உங்கள் கடிதங்களையும், நான் நகல் எடுத்து வைத்திருந்த என்னுடையதையும் மேசையில் பரப்பி வைத்து, தேதி பார்த்து வரிசையாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘உன் தல, என் மடி, உன் சாமி, என் மாதான்னு இவ்ளோ தாளு எழுதியிருக்கீங்க. பெத்தவகிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா? டிக்கெட்ட எடுத்துட்டுத்தான் நீங்க சொன்னீங்க. அண்ணன் மொட்டயப் போட்டுட்டுச் சொன்னாரு. ரெண்டு பேரும் ஒண்ணுதான்.’

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வருகிறது. இதற்கும் நீங்கள்தான் காரணம்.

கொர்னேலியஸ்


சுங்கை சோ, ரவாங்
23 ஜூன் 2025

மச்சானுக்கு,

நேற்று நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. போனில் ஒரு வரி. ‘நானும் பாப்பாவும் கடலுக்குப் போறோம். நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருங்க.’ உங்களுக்கும் அதே வரி வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. எந்தக் கடற்கரை என்று சொல்லவில்லை. அழைத்தால் எடுக்கவில்லை. தொப்பி போடாமல் அந்த மொட்டைத் தலையோடு பிள்ளையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருப்பாளோ என்று நினைத்தபடி காரை ஓட்டினேன். முதலில் படகுத்துறை, பிறகு குன்று, கடைசியில் ரெமிஸ் கடற்கரை. நீங்களும் அதே சுற்றைத்தான் சுற்றியிருக்கிறீர்கள், எனக்கு முன்னால். குன்றில் ட்ராம் ஓட்டுநர், ‘இப்பத்தான் ஒருத்தர் வந்து இதையே கேட்டுட்டுப் போனாரு’ என்றார்.

மீன் சுடும் கடையில் நித்தியா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அலீசியா தலையில் தொப்பி இருந்தது. நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள், நான் இந்தப் பக்கத்திலிருந்து. இரண்டு பேரும் குனிந்து கையை நீட்டினோம். பிள்ளை ஓடி வந்தாள். என்னைத் தாண்டினாள், உங்களையும் தாண்டினாள், பட்டம் விற்கிறவரின் காலைப் போய்க் கட்டிக்கொண்டாள். கடைக்காரப் பெண்மணி சிரித்ததை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு நித்தியா பேசியதை நீங்களும் கேட்டீர்கள். ‘உக்காருங்க ரெண்டு பேரும். மீனு ஆறிடும்’ என்று தொடங்கினாள். நீங்கள் வாயைத் திறந்தபோது, ‘அண்ணே, நீங்க சொல்லித்தான் நான் நெறைய செஞ்சிருக்கேன். இது என் புள்ள’ என்றாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். ‘உங்களுக்கும் அதேதான்’ என்றாள். முடி பாதி பாதி என்று அவள் சொன்னபோது உங்களுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு, ‘அப்ப சரியாத்தான் பிரிச்சிருக்கேன்’ என்றாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கீறல் ஆறிவிட்டது. என் கோபம் ஆறவில்லை. நித்தியாவுக்காகத்தான் புதன்கிழமை வருகிறேன், உங்கள் தேதிக்குப் பயந்து அல்ல. மாதவி அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்வேன்.

பேசியதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால்தான் நீங்கள் நிற்பீர்கள் என்று நித்தியா சொல்கிறாள்.

கொர்னேலியஸ்


கோலசிலாங்கூர்
26 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு,

நேற்று வந்தீர்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் என் பக்கத்தில் நின்றீர்கள். நான் முடியை விட்டபோது ஒன்றும் பேசவில்லை. அது சரியாக இருந்தது. மாதவி உங்களுக்குச் சோறு போட்டாள். நானாக இருந்தால் போட்டிருக்க மாட்டேன். நீங்கள் சமையலறையில் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அலமாரியைத் திறந்து செருப்பை வெளியே எடுத்து வைத்தாள். அதனால் அந்த வரியை நான் விட்டுவிடுகிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

சரக்கு என்று எழுதியது தப்பு. அந்தச் சொல்லை நித்தியா எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினாள். என் வாயில் வருகிறபோது எனக்குத் தெரியவில்லை, அவள் வாயில் கேட்டபோது தெரிந்தது. ஆனால் கேட்டை என் முகத்தில் சாத்தியதற்கு நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அது பாக்கி இருக்கிறது.

பேசி முடித்தவை இவை. பாதி முடி நேற்றுக் கடலுக்குப் போயிற்று, என் வேண்டுதல் தீர்ந்தது. மறு பாதி நித்தியாவின் கைப்பைக்குள் இருக்கிறது. வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை அதை நீங்களும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது. அங்கே அதற்குள் முளைத்திருப்பதையும் சேர்த்து இறக்கி, இரண்டையும் ஒன்றாக வைப்பது. என் மடியில்தான். ஆனால் ஜூலையில் நீங்கள் தாம்பாளத்தோடு வந்து கேட்டாக வேண்டும். எல்லாம் பேசியாயிற்றே என்று அதை விட்டுவிடக் கூடாது. சர்ச்சுக்குள் நான் வருகிறேன். முழங்காலில் நிற்கமாட்டேன், கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கத்தியைப் பிடிப்பவர் யார் என்று முதல் நாளே நாம் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். எங்கள் இருவருடைய டிக்கெட்டுக்கு நான் காசு கொடுத்தால் நீங்கள் வாங்கமாட்டீர்கள், கொடுக்காமல் இருக்க எனக்கும் முடியாது. ஆகவே அங்கே ஐந்து பேருக்கும் தங்குவது, சாப்பிடுவது, வண்டி எல்லாம் என் செலவு. இதில் பேரம் கிடையாது.

இனி அலீசியாவின் தலையிலோ காதிலோ, வாயில் ஊட்டுகிற மருந்திலோகூட, நித்தியாவைக் கேட்காமல் நீங்களும் நானும் கை வைப்பதில்லை. யாருக்கு என்ன வேண்டிக்கொண்டாலும் முதலில் அவளிடம் சொல்லிவிட்டு வேண்டிக்கொள்வது. பலிக்காது என்று பயந்தால் வேண்டாமலே இருப்பது.

ஞாயிறுகள். மாதத்தில் முதல் ஞாயிறு எனக்கும் மாதவிக்கும். இரண்டாவது உங்களுக்கு. மூன்றாவது எல்லாரும் சேர்ந்து, ஒரே காரில், நித்தியா சொல்கிற கடற்கரைக்கு. கடைசி ஞாயிறு அம்மாவும் பிள்ளையும் மட்டும் போவார்கள். நாம் பின்னால் போவதில்லை. எந்தப் பக்கம் என்று கேட்பதும் இல்லை.

சம்மதம்.

சேது